தட்டில் இருப்பது யாருடைய தேர்வு?

எதைத் தின்ன வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரை இன்று நம் காதில் விழாத நாளில்லை. நாளிதழ்களின் இணைப்புகள், தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிகள், கைப்பேசியில் வந்து சேரும் காணொலிகள் என எல்லாமே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சொல்லப்படுவதில் பெரும்பகுதி சரியானதே. அன்றாடம் உண்பதும் பருகுவதும் பல ஆண்டுகள் கழித்து உடலிடம் கணக்குக் கேட்கும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், இந்த அறிவுரைகளுக்கெல்லாம் அடியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. உண்பவர் தம் உணவைத் தாமே தேர்ந்தெடுக்கிறார் என்பதே அது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் ஏங்கல் விதியை ஆண்டுதோறும் நடத்த வேண்டியிருந்தது. வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செலவாகும் பங்கு கூடும் என்பது அந்த விதி. மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்த விதி மனித உடலில் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் புரியவைக்கத்தான் ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அதற்காக நான் எடுத்துக்கொண்டது ஒரு பொருளியலாளரின் வாழ்க்கையை அன்று. ஒரு மருத்துவரின் வாழ்க்கையை. அமெரிக்காவின் தென் மாநிலங்களை உலுக்கிய பெலாக்ரா என்னும் நோயின் காரணத்தைக் கண்டறிந்த ஜோசப் கோல்ட்பெர்கர்தான் அவர்.

மளிகைக் கடைச் சிறுவன்

கோல்ட்பெர்கர் 1874-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. நியூயார்க் நகரில், புலம்பெயர்ந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் அவருடைய தந்தை ஒரு சிறு மளிகைக் கடை நடத்தினார். வாடிக்கையாளர்களின் வீடுகளுக்குப் பொருள்களைக் கொண்டுசேர்ப்பது சிறுவன் ஜோசப்பின் வேலை. எந்த வீட்டில் எது வாங்குகிறார்கள், எது வாங்க முடியவில்லை என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அந்த வயதிலேயே கிடைத்தது.

நியூயார்க் நகரக் கல்லூரியில் பொறியியல் படிக்கத்தான் முதலில் சேர்ந்தார். நண்பர் ஒருவரோடு தற்செயலாகச் சென்று கேட்ட ஒரு மருத்துவ விரிவுரை அவர் மனத்தை மாற்றியது. பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1895-இல் மருத்துவரானார். பென்சில்வேனியாவின் ஒரு நகரில் சிறிது காலம் தனியாகத் தொழில் நடத்தியும் மனம் ஒட்டவில்லை. 1899-இல், பின்னாளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை என்று பெயர் பெற்ற அரசுத் துறையில் சேர்ந்தார். துறைமுகங்களில் வந்திறங்குவோரைப் பரிசோதிப்பதில் தொடங்கிய அவர், வாழ்நாள் முழுவதும் அரசு ஊழியராகவே இருந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் கொள்ளைநோய்களின் பின்னால் அலைந்தார். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைபஸ் ஆகியவற்றை ஆராயச் சென்ற இடங்களில் அந்த மூன்று நோய்களும் அவரையே தொற்றின. ஒவ்வொரு முறையும் பிழைத்து வந்து மீண்டும் பணியில் சேர்ந்தார். இதற்கிடையில், 1906-இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மேரி ஃபாரரை மணந்தார். மேரி கிறித்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் உறவு வழியில் வந்தவர். தெற்கின் பெருங்குடும்பம் ஒன்றில் பிறந்த பெண்ணும், நியூயார்க் மளிகைக் கடைக்காரரின் மகனும் இணைந்த அந்தத் திருமணம் பின்னாளில் ஓர் ஆய்வுக்கே துணைநின்றது. அதைப் பிறகு பார்ப்போம்.

வசந்தத்தோடு வந்த நோய்

பெலாக்ரா ஐரோப்பாவுக்குப் பழைய நோய். 1735-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கஸ்பார் கசால் அதை முதலில் விவரித்தார். வடக்கு இத்தாலியின் ஏழை உழவர்களிடையே பரவலாகக் காணப்பட்ட இந்நோய்க்கு, 'கரடுமுரடான தோல்' என்னும் பொருள்பட அந்நாட்டு மக்களே அப்பெயரை இட்டார்கள். வெயில் படும் கைகளிலும் கழுத்திலும் தோல் சிவந்து, கறுத்து, உரியும். வாய் புண்ணாகும், வயிற்றுப்போக்கு நிற்காது. நோய் முற்றினால் மனம் பேதலிக்கும். கடைசியில் மரணம். ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் தலைகாட்டி, இலையுதிர் காலத்தில் அடங்கி, அடுத்த வசந்தத்தில் மீண்டும் வரும்.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்நோய் ஏறத்தாழ அறியப்படாததாகவே இருந்தது. 1906-இல் அலபாமா மாநிலத்தின் மனநலக் காப்பகம் ஒன்றில் 88 பேரைத் தாக்கி, அவர்களில் 57 பேரைப் பலிகொண்டது. பிறகு தென் மாநிலம் ஒவ்வொன்றிலிருந்தும் செய்தி வரத் தொடங்கியது. 1906 முதல் 1940 வரையிலான காலத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர் என்றும், ஒரு லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்படுகிறது.

நுண்ணுயிரிகளின் கண்டுபிடிப்பு மருத்துவத்தையே புரட்டிப்போட்ட காலம் அது. காசநோய், காலரா, டைபாய்டு ஆகியவற்றுக்கெல்லாம் கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. எனவே, பெலாக்ராவுக்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். தெற்குக் கரோலினாவின் ஆலைக் குடியிருப்புகளை ஆராய்ந்த ஒரு குழு, இது தொற்றுநோயாகவே இருக்கக்கூடும் என்று அறிவித்தது. பரம்பரைக் குறைபாடு என்று வாதிட்டவர்களும் இருந்தனர். நோயாளிகளைக் கண்டு மக்கள் அஞ்சி ஒதுங்கினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்த மருத்துவமனைகளும் உண்டு.

நோயாளிக்கு வரும், காவலாளிக்கு வராது

1914-இல் இந்த நோயை ஆராயும் பொறுப்பு கோல்ட்பெர்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு நாற்பது வயது. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன் அவர் தென் மாநிலங்களின் காப்பகங்களையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் சிறைகளையும் சுற்றிப் பார்த்தார். சில வாரங்களிலேயே ஓர் எளிய உண்மை அவர் கண்ணில் பட்டது. காப்பகத்தில் அடைபட்டிருப்போருக்குப் பெலாக்ரா வருகிறது. அவர்களோடு இரவும் பகலும் புழங்கும் செவிலியருக்கும் காவலாளிகளுக்கும் வருவதில்லை. டைபஸையும் மஞ்சள் காய்ச்சலையும் தம் உடம்பிலேயே பட்டறிந்த ஒருவருக்கு, எந்தத் தொற்றுநோயும் இப்படி ஆள் பார்த்துப் பழகாது என்பது தெரியும்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இருந்த ஆதரவற்றோர் இல்லங்களில் மேலும் ஒரு விந்தையைக் கண்டார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், ஏறத்தாழ ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளையே நோய் மிகுதியாகத் தாக்கியிருந்தது. காரணம் சமையலறையில் இருந்தது. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெரிய பிள்ளைகள் வேலை செய்பவர்கள் என்பதால் அவர்களுக்கு ஓரளவு இறைச்சி கிடைத்தது. பாலுக்கு வயது கடந்துவிட்ட, உழைப்புக்கு வயது வராத நடுப்பிள்ளைகளுக்கு மக்காச்சோள மாவும் பாகுமே மிஞ்சின.

அன்றைய தெற்கத்திய ஏழையின் உணவு மூன்று பொருள்களுக்குள் அடங்கும். மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரும்புப் பாகு. இவை வயிற்றை நிரப்பும். உழைப்பதற்கு வேண்டிய ஆற்றலையும் தரும். அதனால்தான் பசியால் வாடாதவர்களுக்கும் இந்த நோய் வந்தது. உணவின் அளவை மட்டும் பார்த்தவர்களுக்கு அதில் குறையேதும் தெரியவில்லை.

கோல்ட்பெர்கர் அந்த இல்லங்களிலும், ஜார்ஜியா மாநிலக் காப்பகத்தின் சில பகுதிகளிலும் பால், முட்டை, புதிய இறைச்சி, பயறு வகைகள் ஆகியவற்றைச் சேர்க்கச் செய்தார். தூய்மை ஏற்பாடுகளில் எதையும் மாற்றவில்லை. அடுத்த வசந்தம் வந்தது. நோய் ஏறத்தாழ முற்றிலும் வரவில்லை. பின்னர், ஜார்ஜியாவில் பழைய உணவுக்குத் திரும்பியபோது நோயும் திரும்பியது.

சிறைச்சாலையும் சொந்த உடலும்

நல்ல உணவு நோயைத் தடுக்கிறது என்றால், மோசமான உணவு அதை உண்டாக்க வேண்டும். இதை நிறுவ 1915-இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில் அவர் ஓர் ஆய்வை நடத்தினார். நல்ல உடல்நலத்துடன் இருந்த 12 கைதிகள் முன்வந்தனர். அதற்குக் கைம்மாறாக விடுதலை அளிப்பதாக மாநில ஆளுநர் ஏர்ல் புரூவர் வாக்களித்தார். மாவுப் பண்டங்கள், அரிசி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாகு போன்றவை அவர்களுக்கு வேண்டிய அளவு கிடைத்தன; பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவை மட்டும் இல்லை. இடையில் உடல்நலக் குறைவால் ஒருவர் விலக, எஞ்சிய 11 பேரில் ஆறு பேருக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பிறகு பெலாக்ராவின் தோல் அறிகுறிகள் தோன்றின.

இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இத்தகைய சோதனைக்கு இடம் தரா. விடுதலையை விலையாகக் காட்டிச் சிறையில் இருப்பவரிடம் பெறும் சம்மதம் உண்மையான சம்மதம்தானா என்ற கேள்வி நியாயமானது. கோல்ட்பெர்கரைப் போற்றுவோரும் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அவர் பிறரை மட்டும் பணயம் வைத்தவர் அல்லர் என்பதற்கு அடுத்து நடந்ததே சான்று.

சிறை ஆய்வின் முடிவுகள் வெளியான பின்னும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. கிருமிதான் காரணம் என்றே நின்றனர். 1916-இல் கோல்ட்பெர்கர் கடைசி வாதத்தைத் தம் உடலைக் கொண்டே வைத்தார். பெலாக்ரா நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடம்பில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்டார். அவர்களின் தோல் செதில்களையும் கழிவுகளையும் மாவில் கலந்து விழுங்கினார். அவரோடு சக மருத்துவர்கள் உள்ளிட்ட வேறு சிலரும் சேர்ந்தனர். மொத்தம் 16 பேர். அவர்களில் ஒரே பெண் மேரி. கழிவுகளை விழுங்க அவரை ஆண்கள் அனுமதிக்கவில்லை. நோயாளியின் இரத்தத்தை அவர் ஏற்றிக்கொண்டார். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்த தாய் அவர். 16 பேரில் ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை.

பொருளியலாளர் வந்து சேர்கிறார்

பாடநூல்களில் கோல்ட்பெர்கரின் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது தொடங்குவதே இங்குதான். உணவே காரணம் என்று நிறுவியாயிற்று. அப்படியானால் மக்கள் ஏன் அந்த உணவை உண்கிறார்கள்? அறியாமையாலா, சோம்பலாலா, பழக்கத்தாலா? அன்று பலரும் அப்படித்தான் சொன்னார்கள். கோல்ட்பெர்கர் அந்த விடையோடு நிற்கவில்லை. எட்கர் சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளியலாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை பெர்ல் எஸ். பக்கின் மூத்த சகோதரர் அவர்.

1916-இல் தெற்குக் கரோலினாவின் ஏழு பருத்தி ஆலைக் குடியிருப்புகளில் இருவரும் ஆய்வைத் தொடங்கினர். 700-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வருமானம் கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் 15 நாள்களில் என்னென்ன உணவுப்பொருளை எவ்வளவு வாங்கியது என்பது கடைக் கணக்குகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரட்டப்பட்டது. எந்த வீட்டில் யாருக்கு நோய் என்பதை வீடு வீடாகச் சென்று பார்த்துப் பதிவு செய்தனர். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தையும் எட்டுப் பேர் கொண்ட இன்னொன்றையும் எப்படி ஒப்பிடுவது? குழந்தைகள், பெண்கள், ஆண்கள் ஆகியோரின் தேவைகளை ஒரே அலகுக்குக் கொண்டுவர அவர்கள் ஓர் அளவுகோலையே உருவாக்கினர். நுகர்வு ஆய்வுகளில் இன்று வழக்கமாகிவிட்ட ஒரு முறைக்கு முன்னோடிகளில் ஒன்று அது.

கிடைத்த முடிவு தெளிவானது. மிகக் குறைந்த வருமானப் பிரிவில் நோய் மிகுதி. வருமானம் ஒவ்வொரு படியாக ஏற ஏற, நோய் படிப்படியாகக் குறைந்தது. உச்சத்தில் இருந்த பிரிவில் அது ஏறத்தாழ இல்லை. குடியிருப்புகளின் கழிப்பிட வசதிக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. வீட்டில் பசு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினர்.

ஆனால், வருமானம் மட்டுமே காரணம் என்றும் அவர்கள் முடித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ ஒரே கூலி வாங்கும் இரண்டு குடியிருப்புகளில் ஒன்றில் நோய் தாண்டவமாடியது. மற்றொன்றில் இல்லவே இல்லை. நோய் இல்லாத ஊரைச் சுற்றிப் பலவகைப் பயிர்கள் விளைந்தன. உழவர்கள் காய்கறியும் பாலும் முட்டையும் நேரடியாகக் கொண்டுவந்து விற்றனர்; புதிய இறைச்சியும் கிடைத்தது. நோய் பரவிய ஊரைச் சுற்றி வாசற்படி வரை பருத்தி. அங்குள்ளவர்களுக்கு ஆலையை ஒட்டிய கடையில் இருந்ததே உணவு. ஒரே அளவு பணம் கையில் இருந்தாலும், அந்தப் பணத்துக்கு எது கிடைக்கிறது என்பது சுற்றியுள்ள நிலத்தில் என்ன விளைகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

ஆலைகளுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டனர். விதை முதல் மாவு வரை எல்லாமே கடன், அறுவடையில் கழித்துக்கொள்ளப்படும். கடன் கொடுப்பவர் விற்கக்கூடிய பயிரை விரும்பினார். விற்கக்கூடிய பயிர் பருத்தி. காய்கறிக்கும் பசுவுக்கும் இடம் விட நிலக்கிழார் இசைவதில்லை. குளிர்காலத்தில் கடனும் சுருங்க, உணவும் சுருங்கும். அதன் விளைவு வசந்தத்தில் தோலில் தெரியும். வசந்தத்தோடு வந்த நோயின் மர்மம் இவ்வளவுதான்.

இந்தச் சுமையும் சமமாக விழவில்லை. பெலாக்ராவால் இறந்தவர்களில் பெண்களே மிகுதி. வீட்டில் கிடைத்த சிறிது இறைச்சி வேலைக்குப் போகும் ஆணுக்கு. சிறிது பால் குழந்தைக்கு. தாய்க்கு மிஞ்சியது மாவும் பாகும். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பருத்தி விலை சரிந்தபோது

1920-இல் உச்சத்தில் இருந்த பருத்தி விலை, அதே ஆண்டின் பிற்பகுதியில் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. நோயாளிகளின் பட்டியல் வரும்வரை கோல்ட்பெர்கர் காத்திருக்கவில்லை. விலைச் சரிவை வைத்தே, அடுத்து வரும் மாதங்களில் பெலாக்ரா பெருகும் என்று கணித்து எச்சரித்தார். 1921-இல் அந்த எச்சரிக்கை வெள்ளை மாளிகையை எட்டியது. அதிபர் ஹார்டிங், பொதுச் சுகாதாரத் துறையையும் செஞ்சிலுவைச் சங்கத்தையும் உதவுமாறு கேட்டுக்கொண்டார்.

எதிர்வினை எதிர்பாராதது. தென் மாநில அரசியல்வாதிகளும் நாளிதழ்களும் வணிகர்களும் கொதித்தெழுந்தனர். தங்கள் மண்ணில் பஞ்சம் என்று சொல்வது அவமதிப்பு என்றனர். முதலீடு வராது, நிலத்தின் மதிப்பு குறையும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. உதவியே வேண்டாம் என்று மறுத்தனர். நோயின் காரணத்தை நிறுவ ஒரு மருத்துவர் தம் உடலைப் பணயம் வைத்தால் போதுமானதாக இருந்தது. அதைப் போக்குவதற்கு ஒரு வட்டாரத்தின் நில உறவுகளையும் கடன் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. அது அவர் கையில் இல்லை.

எனவே, அவர் தம் கைக்கு எட்டியதைத் தேடினார். ஏழை வாங்கக்கூடிய ஒரு மலிவான தடுப்பு வேண்டும். நாய்களுக்கு வரும் கருநாக்கு நோய் பெலாக்ராவை ஒத்தது என்று கண்டு, அவற்றைக் கொண்டு பல உணவுகளைச் சோதித்தார். மது வடிப்பில் பயன்படும் ஈஸ்ட் சிறிதளவு கொடுத்தாலே நோய் விலகியது. 1927-இல் மிசிசிப்பி ஆற்றின் பெருவெள்ளத்தில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கியபோது, செஞ்சிலுவைச் சங்கம் ஆயிரக்கணக்கான பவுண்டு ஈஸ்ட்டை வழங்கியது. நோய் கட்டுக்குள் வந்தது. ஆயினும், வெள்ளப் பகுதியைப் பார்த்துவிட்டு கோல்ட்பெர்கரும் சைடன்ஸ்டிரிக்கரும் எழுதிய அறிக்கை ஈஸ்ட்டோடு நிற்கவில்லை. ஒற்றைப் பயிரையும் கடனையும் நம்பிய வேளாண் அமைப்பே நோயின் வேர் என்று அது சுட்டிக்காட்டியது.

பெயர் தெரியாத பொருள்

உணவில் எந்தப் பொருள் குறைகிறது என்பதை அறியாமலேயே கோல்ட்பெர்கர் மறைந்தார். 1929 ஜனவரி 17 அன்று, 54-ஆம் வயதில், சிறுநீரகப் புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது. அவருடைய சாம்பல் வாஷிங்டனில் ஓடும் பொட்டோமாக் ஆற்றில் கரைக்கப்பட்டது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தும் பரிசு கிடைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1937-இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வெஜம் விடையைக் கண்டுபிடித்தார். வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்த நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின் என்னும் வைட்டமின்தான் அது. நம் உடல் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். பாலும் முட்டையும் காத்தது அதனால்தான். இந்த நோய்க்கு அமினோ அமிலக் குறைபாடு காரணமாகலாம் என்று 1922-இலேயே கோல்ட்பெர்கர் கருதியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். மக்காச்சோளத்தைத் தந்த மெக்சிகோ மக்களுக்கு ஏன் இந்த நோய் வரவில்லை? அவர்கள் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, பிறகே அரைத்து அடை தட்டுகிறார்கள். மக்காச்சோளத்தில் பிணைந்து கிடக்கும் நியாசினை அந்தச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள். சமையல் முறையைக் கொண்டுபோகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய ஆலைகள், மாவு நெடுநாள் கெடாமல் இருப்பதற்காக முளைக்கருவையும் நீக்கி, எஞ்சியிருந்த சத்தையும் குறைத்தன.

பெலாக்ரா இறுதியில் எப்படி ஒழிந்தது? 1920-களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 பேரைப் பலிகொண்ட நோய், 1930-களில் குறையத் தொடங்கியது. 1940-களில் மாவிலும் ரொட்டியிலும் நியாசின் சேர்ப்பது வழக்கமானதும் மறைந்தது. பருத்தியைத் தாக்கிய கூன்வண்டு பரவிய பகுதிகளில், விவசாயிகள் வேறு வழியின்றி உணவுப் பயிர்களுக்கு மாறினர். அங்கே பெலாக்ரா மரணங்களும் குறைந்தன என்று பொருளியல் வரலாற்று ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் காட்டியிருக்கிறார்கள். அரசாலும் அறிவுரையாலும் முடியாததை ஒரு பூச்சி செய்தது. கோல்ட்பெர்கர் சொன்ன காரணத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு

இது தொலைதூர நாட்டின் கதை மட்டுமன்று. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. அங்கே பணியாற்றிய, சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன், தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெலாக்ராவைக் கண்டார். 1960-களில் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. சோளம் கெட்ட தானியம் என்பது அதன் பொருளன்று. பருப்பும் பாலும் காயும் சேர்ந்த தட்டில் சோளம் நல்ல உணவே. வேறு எதுவும் சேராத தட்டில்தான் அது நோயானது.

இன்று நம்மை வருத்துவது நியாசின் குறைபாடு அன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. குறைபாட்டு நோயும் நீரிழிவும் ஒன்றல்ல. ஒன்றின் தீர்வு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆயினும், கோல்ட்பெர்கர் கேட்ட கேள்வி அப்படியே பொருந்துகிறது. இந்த உணவை உண்பவர் ஏன் இதை உண்கிறார்? தட்டு நிறையச் சோறும், பேருக்குக் காயும், நாளில் நான்கு முறை சர்க்கரை போட்ட தேநீரும் கொண்டு ஒரு கட்டுமானத் தொழிலாளி பகலைக் கடத்துகிறார் என்றால், அது அவருடைய அறியாமையாக இருக்கலாம். அவருடைய கூலியும், வேலை நேரமும், தெருமுனைக் கடையில் கிடைப்பதும் காரணமாக இருப்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

தனிமனிதப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கு அந்தப் பொறுப்பு நிச்சயமாக உண்டு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலரும் அந்த வகையினரே. ஆனால், வசதி உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரையை வசதி இல்லாதவருக்கும் அப்படியே சொல்லிவிட்டு, அவர் பின்பற்றவில்லை என்று குறைகூறுவது மருத்துவமும் ஆகாது, பொருளியலும் ஆகாது. பள்ளிச் சத்துணவில் ஒரு முட்டையும், நியாயவிலைக் கடையில் மலிவாக ஒரு கிலோ பருப்பும் செய்யக்கூடியதை ஆயிரம் காணொலிகள் செய்துவிட முடியாது. பருப்பின் விலை, பயறு விளையும் பரப்பு, பெண்களின் கூலி ஆகியவையும் சுகாதாரத் துறையின் கவலைகளாக வேண்டும்.

மளிகைக் கூடையைச் சுமந்து வீடுவீடாகப் போன அந்தச் சிறுவன், வளர்ந்து மருத்துவரான பிறகும் நோயாளியின் சமையலறையையும் கடைக் கணக்கையும் பார்த்தபின்பே நோயின் காரணத்தைச் சொன்னார். இனி எவருக்கேனும் உணவு பற்றி அறிவுரை கூறுமுன், அவருடைய ஊர்க் கடையில் என்ன கிடைக்கிறது, அது என்ன விலை என்பதை நாமும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.